ஹியாம் குழுவிலிருந்து வெளியேறினார்

என் அக்கா ஹியாமுக்குப் பதினேழு வயதில் கல்யாணம் ஆயிற்று. பதினோராம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, இர்பித் நகரின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் முஃப்லிஹ் அத்தானின் வீட்டுக்குப் போனாள். நான் அப்போது நடை பழகிக்கொண்டிருந்த குழந்தை. பள்ளிச் சீருடையில் அவளைப் பார்த்த நினைவே எனக்குக் கிடையாது.

அத்தான் இர்பித்துக்கும் அம்மானுக்கும் நடுவே பேருந்து ஓட்டுகிறவர். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். கடைசிப் பிள்ளையைப் பக்கத்துத் தெரு மழலையர் பள்ளியில் சேர்க்கப் போனவள், அங்கேயே உதவியாளராகச் சேர்ந்துகொண்டாள். மூக்கைத் துடைத்துவிடுவது, செருப்பை மாட்டிவிடுவது, அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது என்று தொடங்கி, போகப்போக எழுத்தும் பாட்டும் அவளே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் அவளை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடும். ஆனால் ஆசிரியைகள் கூட்டம் நடக்கும்போது, தேநீர்த் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு அவள் வெளியே வந்துவிட வேண்டும். தவ்ஜீஹி தேறாதவளை ஆசிரியையாக எடுக்க வழியில்லை என்று தலைமை ஆசிரியை வருத்தத்தோடுதான் சொன்னாராம்.

பள்ளி இறுதித் தேர்வான தவ்ஜீஹி வெறும் தேர்வு அல்ல, எங்கள் நாட்டின் வாசல். அதைத் தாண்டாமல் கல்லூரி இல்லை, வேலை இல்லை, பல வீடுகளில் சம்பந்தமும் இல்லை. அக்கா வீட்டாரைத் தவிர யாரிடமும் சொல்லாமல் தனித்தேர்வராகப் பதிந்துகொண்டு, பாடம் பாடமாகத் தேறிக்கொண்டே வந்தாள். கடைசியில் கணிதம் ஒன்று மட்டும் நின்றது. அதில் இரண்டு முறை தவறினாள். அடுத்த வருடத்திலிருந்து பாடத்திட்டம் மாறப்போவதாக அறிவிப்பு வந்தது. இந்தக் கோடையில் கணிதம் தேறாவிட்டால், இதுவரை தேறியதெல்லாம் செல்லாமல் போய், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு அவளிடம் தெம்பு இருக்காது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதில் என் விருப்பம் எவ்வளவு, எனக்காக ஏற்கெனவே திறந்திருந்த கதவுகளின் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அக்காவின் விஷயத்தில் அந்தக் குழப்பம் கிடையாது. அவளுக்கு எந்தக் கதவையும் யாரும் திறந்துவைக்கவில்லை. இருந்தது திரையில் கீறல் விழுந்த ஒரு கைபேசி மட்டும்தான்.

தனிப்பயிற்சிக்குப் போக நேரமில்லாததால், அவள் யூடியூபில் கரக் ஊர்க்காரரான வாயில் என்ற ஆசிரியரைப் பிடித்துக்கொண்டாள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஆவதுதான் அவளுக்கும் ஆயிற்று. ஒரு கணக்கைப் பார்க்க உள்ளே போனவள், துருக்கி நடிகை ஒருத்தியின் கல்யாண உடையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அடுப்பில் பருப்பு தீய்ந்துபோயிருக்கும். பிறகு ஒரு வழக்கத்தைப் பிடித்தாள். கைபேசியை எடுப்பதற்கு முன்னால், எதற்காக எடுக்கிறாள் என்பதைச் சத்தமாகச் சொல்லிவிடுவாள். “மூணாவது பாடம், வகைக்கெழு, ஏழாவது கணக்கு.” வீட்டில் இருப்பவர்கள் காதில் விழும்படி சொன்ன பிறகு வேறு எதையும் பார்க்க வெட்கமாக இருக்கும் என்பது அவள் கணக்கு. பார்த்து முடித்ததும், சுடுகிற ரொட்டியைக் கையிலிருந்து போடுவதைப் போலக் கைபேசியை அலமாரியில் போட்டுவிடுவாள்.

பேஸ்புக்கில் வீட்டிலிருந்தே படிக்கும் பெண்களுக்கென்று ஒரு குழு இருந்தது. விடை கேட்டுக் கெஞ்சுகிறவர்களும், “எனக்கும் வேணும்” என்று பின்னால் வருகிறவர்களுமாக அது வீணாகிக்கொண்டிருந்தது. அக்கா அங்கே ஒருநாள் கொஞ்சம் காரமாகவே எழுதினாள். கணக்கைப் போடுங்கள், எதுவரை நீங்களே செய்தீர்கள் என்பதைப் படமெடுத்துப் போடுங்கள், எந்த வரியில் மாட்டிக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள், அப்படிச் சொல்லாதவர்களுக்கு நான் பதில் தரமாட்டேன், நீங்களும் எனக்குத் தராதீர்கள். ஒரு வாரம் திட்டினார்கள். அப்புறம் அதுவே அந்தக் குழுவின் சட்டமாகிவிட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு அவளை இரும்பு மனுஷி என்று நினைத்துவிட வேண்டாம். ரமலான் மாதத்தில் அந்த ஒழுங்கெல்லாம் குலைந்தது. நோன்பு திறந்த மயக்கத்தில் தொடர் நாடகத் துணுக்குகளில் விழுந்தவள், பெருநாளுக்கு இரண்டு நாள் முன்புதான் எழுந்தாள். “என்னத்தைப் படிச்சேன்னு கேக்காத,” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்தச் செயலியை நீக்கும்படி கைபேசியை நீட்டினாள். நீக்கிக் கொடுத்தேன். அதே செயலி என் கைபேசியில் அப்படியே இருந்தது.

நாடகத்தை நீக்கிவிடலாம். குடும்பத்தை நீக்க முடியாது. எங்கள் குலத்துக்கு ஊரில் திவான் என்று ஒரு கூடம் உண்டு. கல்யாணம், சாவு, பஞ்சாயத்து எல்லாம் அங்கேதான். அதன் பெயரிலேயே ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய இருநூறு பேர். அதன் தலைவர் எங்கள் பெரியப்பா அபூ அவாத். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் அப்பா இறந்த பிறகு எங்களுக்கு மூத்தவர் அவர்தான். விடிந்ததும் பனித்துளியோடு ஒரு ரோஜாப் படம் அவரிடமிருந்து வரும். அதற்கு ஒவ்வொருவரும் பதில் ரோஜா அனுப்ப வேண்டும். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை, அது கைபேசியில் வந்தாலும் கடமைதான். யாருக்காவது காய்ச்சல் என்றால் இருநூறு துஆ வேண்டுதல், யாராவது இறந்தால் இருநூறு அனுதாபம், அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நன்றி.

அக்காவுக்குக் கிடைக்கிற ஒரே நேரம், விடியற்காலை பஜ்ர் தொழுகை முடிந்து பிள்ளைகள் எழுவதற்குள் இருக்கும் அந்தக் கொஞ்சப் பொழுதுதான். ரோஜாக்கள் வருவதும் அதே நேரத்தில்தான். குழுவின் சத்தத்தை அடக்கிவைத்துப் பார்த்தாள். அதனால் பெரியப்பாவின் முழங்கால் அறுவை சிகிச்சை அவளுக்குத் தெரியாமலே போயிற்று. ஒரு கல்யாண வீட்டில் அவருடைய மனைவி உம்மு அவாத் அத்தனை பெண்களுக்கு நடுவில் கேட்டார்: “அவர் காலையே வெட்டி எடுத்திருந்தாலும் உனக்குத் தெரிஞ்சிருக்காது போலிருக்கே?” அக்கா முகம் சிவந்துபோய்த் திரும்பி வந்தாள்.

ஏப்ரலில் ஒரு காலை, அவள் கைபேசியை எடுத்து, “திவானிலிருந்து வெளியே போறேன்,” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியேறினாள். யாருக்கும் காரணம் எழுதவில்லை. காரணம் சொன்னால் தேர்வு எழுதுவது தெரிந்துவிடும். இரண்டு முறை தவறியதும் தெரிந்துவிடும். பிறகு மூன்றாவது முறையை ஊரே எதிர்பார்த்துக் காத்திருக்கும்.

‘ஹியாம் குழுவிலிருந்து வெளியேறினார்’ என்ற அந்த ஒற்றை வரியை இருநூறு பேரும் படித்தார்கள். எங்கள் ஊரில் கோபித்துக்கொண்டவர்தான் சபையை விட்டு எழுந்து போவார். மதியத்துக்குள் அம்மாவுக்கு வந்த அழைப்புகளைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒலிவத் தோட்டத்துப் பாகத்தில் மனக்கசப்பாம். மாமியாரோடு சண்டையாம். விவாகரத்தாம். குவைத்திலிருந்து கூப்பிட்ட ஒருவர், அத்தான் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட செய்தியை எங்களுக்கே சொல்லி ஆறுதலும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, நானும் அங்கே இருந்தபோது, அக்காவின் வீட்டு வாசலில் மூன்று கார்கள் வந்து நின்றன. பெரியப்பாவின் தலைமையில் எட்டு ஆண்கள், தோளில் அங்கியும் தலையில் சிவப்புக் கட்டமிட்ட துணியுமாக இறங்கினார்கள். இப்படிப் பெரியவர்கள் திரண்டு வந்தால் அதற்கு ஜாஹா என்று பெயர். சம்பந்தம் பேச வருவார்கள், இல்லையென்றால் சமாதானம் பேச வருவார்கள். அவர்களை உட்காரவைத்துவிட்டு அத்தான் வெளிறிய முகத்தோடு சமையலறைக்குள் வந்தார்.

“பொண்ணு கேட்டுத்தான் வந்திருக்காங்க. நம்ம தீமா ஒன்பதாவதுதானே படிக்கிறா?”

அக்கா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். “எல்லாரும் கிழவனுங்களா இருக்காங்களே. மாப்பிள்ளை யாரு, பெரியப்பாவா?”

அத்தான் ஏலக்காய் போட்ட கசப்புக் காபியை ஊற்றிக் கொடுத்தார். பெரியப்பா கிண்ணத்தை வாங்கினார். குடிக்கவில்லை. தரையில் வைத்தார். மற்ற ஏழு பேரும் அப்படியே வைத்தார்கள்.

“முஃப்லிஹ், உன் வீட்டுல பரகத் பெருகட்டும். நாங்க ஒரு கோரிக்கையோட வந்திருக்கோம். அது கிடைக்கற வரைக்கும் இந்தக் காபி எங்க தொண்டையில இறங்காது.”

இதற்கு வீட்டுக்காரர், “குடியுங்க, நீங்க கேட்டது கிடைச்சாச்சு,” என்று சொல்ல வேண்டும். அத்தான் மகளை நினைத்துக்கொண்டு, என்ன கோரிக்கை என்று முதலில் தெரிய வேண்டும் என்றார். சபை கொஞ்சம் அசைந்தது.

“உன் வீட்டுக்காரி எங்க மேல கோவமா இருக்கா,” என்றார் பெரியப்பா. “காரணம் எதுவா இருந்தாலும் தப்பு எங்களோடது. அவ குழுவுக்குத் திரும்பி வரணும்.”

“எந்தக் குழுவுக்கு?” என்று அத்தான் கேட்டார். அவருக்கு வாட்ஸ்அப்பில் டயர்க்காரனைத் தவிர வேறு யாரையும் தெரியாது.

இப்படிப்பட்ட சபையில் பெண்கள் பேசுவது வழக்கம் இல்லை. ஆனாலும் அக்கா வந்து வாசலில் நின்றாள். தலைத்துணியில் செருகிய பேனாவை எடுக்க மறந்திருந்தாள். தனக்கு யார்மீதும் கோபம் இல்லை என்றாள். பெரியப்பா நம்பவில்லை. தோட்டத்துப் பாகமா என்றார். இல்லை என்றாள்.

“அப்போ உம்மு அவாத் கல்யாண வீட்டுல சொன்னதா? அவ வாய் அப்படித்தாம்மா. நாப்பத்தஞ்சு வருஷமா நானே கேட்டுட்டிருக்கேன். நான் எந்தக் குழுவிலிருந்து வெளிய போறது?”

யாரும் சிரிக்கத் துணியவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று கேட்கிற பார்வை. எனக்குத் தெரியவில்லை. அவள் காத்திருக்கவில்லை.

“படிக்கிறேன் பெரியப்பா. தவ்ஜீஹி. கணக்கு மட்டும்தான் பாக்கி. ரெண்டு தடவை போயிடுச்சு. ஜூலைல கடைசித் தடவை.”

ஆடு வளர்க்கும் தியாப் சித்தப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. “நாப்பது வயசுல பள்ளிக்கூடமா? பேரன் கையைப் பிடிச்சுக்கிட்டே போயிடலாம்.”

“முப்பத்தொன்பது, சித்தப்பா. பேரன் இன்னும் பொறக்கல.”

பிறகு அவள் பெரியப்பாவைப் பார்த்தே பேசினாள். விடியற்காலையில் தனக்குக் கிடைக்கும் கொஞ்ச நேரத்தைப் பற்றிச் சொன்னாள். ஸலாமுக்குப் பதில் கடமைதான், ஆனால் இருநூறு பேருக்குப் பதில் சொல்லி முடிக்கும்போது பால் பொங்கி, பிள்ளைகள் எழுந்து, பாடத்தைத் திறக்காமலே அன்றைய பொழுது போய்விடுகிறது என்றாள். அழவில்லை.

காபி ஆறிக்கொண்டிருந்தது. அது குடிக்கப்படாத வரை சபையில் யாரும் யாருக்கும் முடியாது என்று சொல்ல முடியாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கேட்க வந்தவர்களிடமே அதைத் திருப்பிப்போட அக்காவுக்கு மட்டும்தான் தோன்றியது.

“நீங்க கேட்டது கிடைச்சாச்சு பெரியப்பா. நான் திரும்பி வரேன். காபி குடிக்கறதுக்கு முன்னால எனக்கும் ஒரு வாக்கு குடுங்க. பரீட்சை முடியற வரைக்கும் காலையில பூப் படம் வேண்டாம். அந்த இடத்துல நான் ஒரு கணக்குப் போடுவேன். யார் அதைப் பத்திப் பேசினாலும் எனக்கு ஸலாம் சொன்ன மாதிரி. நான் வேற எதுக்கும் பதில் சொல்லலைன்னா யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது.”

பெரியப்பா கிண்ணத்தைத் தொட்டுவிட்டுக் கேட்டார்: “வெள்ளிக்கிழமை கூடவா பூ வேண்டாம்?”

அக்கா யோசித்தாள். “வெள்ளிக்கிழமை ஒண்ணு. நீங்க மட்டும்.”

அவர் கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். ஜாஹாவில் காபியோடு கொடுத்த வாக்கு குலத்தின் வாக்கு. அன்று முதல் இருநூறு பேரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

மறுநாள் காலை அக்கா முதல் கணக்கைப் போட்டபோது குழுவே மூச்சுக்கூட விடவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பெரியப்பா, “எல்லாரும் எங்கே? வரிசையில நில்லுங்க,” என்று குரல் செய்தி அனுப்பினார். குவைத்தில் பொறியாளராக இருக்கும் எங்கள் பெரியப்பா மகன் ரக்கான், வேலைக்குக் காரில் போகிற வழியிலேயே அதைத் தீர்த்து விளக்கினான். மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு மருமகள் அதில் தவறு கண்டுபிடித்தாள். ரக்கான் ஒப்புக்கொள்ளவில்லை. மாலைவரை சண்டை. யார் சரி என்பது தெரியாமல் பாதிப் பேர் அவன் பக்கமும் பாதிப் பேர் அவள் பக்கமும் சேர்ந்துகொண்டார்கள்.

பழக்க தோஷத்தில் உம்மு ஸைத் என்ற பெரியம்மா ஒருநாள் தேநீர்க் கோப்பையோடு ஒரு மல்லிகைப் படம் போட்டுவிட்டார். பெரியப்பா கேட்டார்: “உம்மு ஸைத், இந்தப் பூவோட வகைக்கெழு என்ன?” அந்த அம்மாள் படத்தை அழித்துவிட்டு, மகனிடம் வகைக்கெழு என்றால் என்ன என்று கேட்டாராம்.

அக்காவை இரண்டு முறை வீழ்த்தியது ஒரே வகைக் கணக்குத்தான். குறிப்பிட்ட நீளக் கம்பியைக் கொண்டு மிகப் பெரிய தொழுவத்தை எப்படி அடைப்பது என்பதைப் போன்றவை. சூத்திரம் அவளுக்கு மனப்பாடம், ஏன் என்பதுதான் பிடிபடவில்லை. அதைக் குழுவில் போட்டபோது தியாப் சித்தப்பா கணக்கு விஷயத்தில் முதல்முறையாக வாய் திறந்தார். “எந்த மடையன் வெட்ட வெளியில நாலு பக்கமும் கம்பி போடுவான்? சுவரை ஒட்டிப் போடு, ஒரு பக்கம் மிச்சம்.” அது வேறு கணக்கு என்றான் ரக்கான். வேறாக இருந்தால் அதையும் போட்டுக் காட்டு என்றார் சித்தப்பா. அவன் காட்டினான். அப்படியானால் நீளத்தை இன்னும் கூட்டினால் என்ன ஆகும் என்று இவர் கேட்டார். கூட்டினால் அகலம் சுருங்கி ஆடு திரும்பவே இடம் இருக்காது, குறைத்தாலும் அதே கதி, நடுவில் ஒரே ஓர் இடத்தில்தான் பரப்பு ஏறுவதை நிறுத்தி இறங்கத் தொடங்கும் என்று அவன் குரல் செய்தி அனுப்பினான். அக்கா அதை மாவு பிசைந்தபடியே திரும்பத் திரும்பக் கேட்டாள். மாவுக் கையோடு எனக்குக் கூப்பிட்டாள். “ஏறறது நிக்கற இடம். அதான் பூஜ்ஜியம். இவ்வளவுதானா?” அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது. நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். எனக்கு அப்படி ஒரு நிமிடம் வந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். வந்திருந்தால் நினைவில் இருந்திருக்கும்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஹலீமா அத்தை இறந்துபோனார். பெரியப்பாவின் கூடப்பிறந்த ஒரே அக்கா, எங்கள் அப்பாவுக்கும் அக்கா. துக்க வீட்டில் மூன்று நாள் உட்கார வேண்டும். இதிலிருந்து யாருக்கும் விலக்கு கிடையாது. அக்கா கறுப்பு அபாயாவை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். கணக்கு என்ன ஆகும் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அப்போது குழுவில் பெரியப்பாவின் குரல் வந்தது. அழுது கரகரத்த குரல்.

“ஹியாமோட அனுதாபம் எனக்கு வந்து சேர்ந்துடுச்சு. அவ வர வேண்டாம், கணக்கோட இருக்கட்டும். குடுத்த வாக்கு சாவு வீட்டுலயும் வாக்குதான். ஹியாம் எங்கேன்னு யாராவது கேட்டா, அதை எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க.”

அக்கா செருப்போடு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு அபாயாவைக் கழற்றி மாட்டிவிட்டு, “கடைசிப் பாடம், போன வருஷக் கேள்வித்தாள், ரெண்டாவது பகுதி,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். துக்க வீட்டுக்கு நான் போனேன். அங்கே ஒருத்தி ஹியாம் எங்கே என்று இழுத்தபோது, பெரியப்பாவிடம் போய்க் கேட்க அவளுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. உம்மு அவாத் பேரீச்சம்பழத் தட்டை அவள் முன்னால் வைத்தார். “பரீட்சைக்குப் படிக்கிறா. பழத்தை எடுத்துக்கிட்டு வாயை மூடு.”

தேர்வு எழுதிவிட்டு வந்த அக்கா எப்படி எழுதினாள் என்று சொல்லவே இல்லை. ஆகஸ்டில் முடிவு வருகிற நாளில், தேர்வு எண்ணைப் போட்டால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. இணையதளம் திணறியது. எண்ணைத் தெரிந்துகொண்டு குலமே ஒரே நேரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. “நீங்கதான் அதை அடைச்சுட்டு நிக்கறீங்க, எல்லாரும் கையை எடுங்க,” என்று அவள் குழுவில் எழுதினாள். யாரும் எடுக்கவில்லை. வீட்டில் சமையல் இல்லை, பேச்சு இல்லை. அத்தான் பேருந்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வந்து, ஒரே நாற்காலியில் எழுந்தும் உட்கார்ந்துமாக இருந்தார்.

முதலில் திறந்தது ரக்கானுக்குத்தான். படம் அனுப்பினான். அக்கா பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டு கைபேசியை என்னிடம் தந்தாள். கணிதம், எழுபத்துநான்கு. கீழே, தேர்ச்சி. நான் அதைச் சத்தமாகப் படிக்க வாயெடுத்தேன். அதற்குள் தீமா எட்டிப் பார்த்துக் குலவையிட்டாள். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீடு எழுந்தது, அதற்கடுத்த வீடு எழுந்தது.

அந்திக்குள் திவான் முழுவதும் தெருவில் இருந்தது. தட்டுத் தட்டாகக் குனாஃபா இனிப்பு வந்தது. தேறிய பையன்கள் கார் ஊர்வலம் போவதைப் போல எங்கள் கார்களும் விளக்கைப் போட்டு ஒலியெழுப்பிக்கொண்டு இர்பித்தைச் சுற்றின. முதல் காரை ஓட்டியது தியாப் சித்தப்பா. அதன் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, கொடியை அசைத்துக்கொண்டிருந்தவள் என் அக்கா. பின்காரில் இருந்த எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. பள்ளிச் சீருடையில் அவள் எப்படி இருந்திருப்பாள் என்று அப்போது ஒருவாறு ஊகிக்க முடிந்தது.

சுற்றுச்சாலை முனையில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். இளைஞர். களைத்துப்போயிருந்தார். அன்று முழுக்க ஜன்னலில் தொங்கும் பையன்களை உள்ளே தள்ளுவதே அவருக்கு வேலையாக இருந்திருக்கும். காரைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார்.

“தேறின பையன் எங்கே? அவனை முதல்ல உள்ளே உக்காரச் சொல்லுங்க. ஹாஜ்ஜா, நீங்களும் உள்ளே போங்க, இந்த வயசுல விழுந்துடப் போறீங்க.”

வயதான பெண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். அக்கா உள்ளே போகவில்லை. கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“ஹாஜ்ஜா இல்ல. தேறினது நான்தான்.”

அவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா பெருமையோடு தலையை ஆட்டினார். காவலர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சாலையின் மறுபக்கம் வந்த வண்டிகளையெல்லாம் கையை நீட்டி நிறுத்தி, எங்கள் ஏழு கார்களுக்கும் வழிவிட்டார்.